கல்லூரிக் கிடங்கில் கிடக்கும் பழைய கணினிகளை யாரிடம் ஒப்படைப்பது?

வாசகர் கேள்வி: மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் கலை அறிவியல் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் கிடங்கில் எழுபது பழைய கணினிகள், அவற்றுடன் வந்த பெட்டி மானிட்டர்கள், பிரிண்டர்கள், யூபிஎஸ் கருவிகளும் பேட்டரிகளும், இரண்டு ஜன்னல் ஏ.சி., கழற்றி வைத்த டியூப்லைட்டுகள் ஆகியவை பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. உள்ளூர் காயலாங்கடைக்காரர் மொத்தத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். மின்கழிவு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு வந்த இன்னொருவர் அதில் பாதி விலைதான் தருவாராம், ஆனால் ‘இ.பி.ஆர். சான்றிதழ்’ கொடுப்பாராம். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் குழு வரவிருப்பதால் முதல்வர் சான்றிதழ் வேண்டும் என்கிறார். தாளாளர் விலையைப் பார்க்கிறார். காயலாங்கடைக்குக் கொடுப்பது குற்றமா? நாங்கள் எங்காவது பதிவு செய்துகொள்ள வேண்டுமா? இன்னும் ஓடும் சில கணினிகளை அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

இருவரிடமும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். காயலாங்கடைக்காரரை மறுக்க வேண்டிய காரணம் உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். சான்றிதழ் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தையும் நம்பிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கான காரணம், அவர் தருவதாகச் சொல்லும் அந்தச் சான்றிதழிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கல்லூரியின் சட்ட நிலையைப் பார்ப்போம்.

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2011ஆம் ஆண்டு வெளியாகி, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்கும் பதிலாக 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகளும் வந்தன. கடைசியாகச் சொன்னவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கல்லூரி அலுவலகங்களில் இன்றும் கோப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டு விதிகளை ஒட்டிய சுற்றறிக்கைதான். அந்த விதிகள் கல்வி நிறுவனங்களைப் பெயர் சொல்லியே மொத்தப் பயன்பாட்டாளர் பட்டியலில் சேர்த்திருந்தன. ஆண்டுதோறும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்றும் கூறின. 2022ஆம் ஆண்டு விதிகள் நிறுவனத்தின் வகையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கின்றன. ஒரு நிதியாண்டின் எந்த ஒரு நேரத்திலாவது, முதல் அட்டவணையில் உள்ள கருவிகளில் ஆயிரமாவது பயன்பாட்டில் இருந்தால் அந்த நிறுவனம் மொத்தப் பயன்பாட்டாளர் ஆகிறது.

ஆயிரம் என்றதும் ‘எங்களிடம் அவ்வளவு கணினி ஏது’ என்று தாளாளர் சொல்லக்கூடும். எண்ண வேண்டியது கணினிகளை மட்டும் அன்று. முந்தைய விதிகளில் 21 வகைக் கருவிகள் இருந்த அட்டவணை, இப்போது 106 வகைகளாக விரிந்துள்ளது. பிரிண்டர், தொலைபேசி, யூபிஎஸ், இன்வெர்ட்டர், ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி, பாதரசம் உள்ள விளக்குகள், காற்றோட்டக் கருவிகள், ஆய்வகக் கருவிகள், சூரிய ஒளித் தகடுகள் எனப் பட்டியல் நீள்கிறது. விடுதியும் அறிவியல் ஆய்வகங்களும் உள்ள நடுத்தரக் கல்லூரி ஒன்று ஆயிரத்தைத் தாண்டுவது எளிது. ஆகவே இருப்புப் பதிவேட்டைத் துறைவாரியாக எடுத்து, அட்டவணையோடு ஒப்பிட்டு ஒருமுறை முழுமையாக எண்ணிவிடுங்கள். கேள்விக்கு உறுதியான விடை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஆயிரத்தைத் தாண்டினால் உங்கள் கடமை சுருக்கமானது, ஆனால் கண்டிப்பானது: உங்களிடம் உருவாகும் மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். காயலாங்கடை இந்த மூன்றிலும் வராது என்பதால் அங்கே கொடுப்பது நேரடியான விதிமீறல். மீறலுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்க இந்த விதிகளிலேயே இடமுண்டு. அத்துடன் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் பொருந்தும். அந்தப் பிரிவில் முன்பிருந்த சிறைத் தண்டனைக்குப் பதிலாக, 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை வைக்கப்பட்டுள்ளது. நீங்கள் கேட்ட பதிவைப் பொறுத்தவரை, அது பொருள்களைத் தயாரிப்பவர், விற்பனைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகிய நான்கு தரப்புக்கு மட்டுமே உரியது. பயன்படுத்துபவர் என்ற முறையில் கல்லூரி எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் என்ன? இங்கே மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் சாதாரண நுகர்வோருக்கும் கடமை வைத்திருந்தன. இப்போதைய விதிகள் மொத்தப் பயன்பாட்டாளரோடு நின்றுவிட்டன. சிறிய பயன்பாட்டாளரை விட்டுவிட்டது இந்த விதிகளின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன், ஏனெனில் நாட்டில் சேரும் மின்கழிவில் கணிசமான பங்கு வீடுகளிலிருந்தும் சிறு அலுவலகங்களிலிருந்தும்தான் வருகிறது. உங்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால், ஒப்படைப்பது பற்றிய அந்த விதி உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் பதிவில்லாமல் மின்கழிவை உடைத்து உலோகம் பிரிப்பது அதைச் செய்பவருக்குச் சட்டவிரோதம். கல்லூரியின் முத்திரை ஒட்டிய கணினிகள் ஏதோ ஓர் இடத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் வந்தால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இவை எங்கிருந்து வந்தன என்பதாகவே இருக்கும்.

தாளாளரின் விலைக் கணக்கை நான் குறை கூற மாட்டேன். அறக்கட்டளைப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் காயலாங்கடைக்காரரால் எப்படி அதிக விலை தர முடிகிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் குவியலில் லாபம் தரும் பொருள்களும் உண்டு, செலவு வைக்கும் பொருள்களும் உண்டு. கணினியின் மதர்போர்டு, ராம், பிராசஸர் ஆகியவற்றில் தங்கமும் செம்பும் இருக்கின்றன. ஒரு டன் கணினிப் பலகைகளில் ஏறத்தாழ 200 கிராம் தங்கம் இருக்கக்கூடும், நல்ல தங்கத்தாது ஒரு டன்னில் கிடைப்பதோ ஐந்து கிராம் அளவில்தான். பெட்டி மானிட்டரின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் படக்குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு கலந்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு இன்று வாங்குபவர் இல்லை. முறையாக அப்புறப்படுத்துவதற்குப் பணம் செலவாகும். முறையாகத் தொழில் செய்பவர் இந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்ல முடியும். முறையற்றவர் குழாயின் கழுத்தை உடைத்து, அதைச் சுற்றியுள்ள செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈயக் கண்ணாடியையும் உள்ளே பூசியிருக்கும் பொடியையும் ஓடைக்கரையிலோ காலி மனையிலோ கொட்டிவிடுகிறார். மொத்தத்துக்கும் ஒரே விலை என்று ஒருவர் சொன்னாலே, மானிட்டர்களை அவர் என்ன செய்யப்போகிறார் என்பது விளங்கிவிடும்.

செம்புக் கம்பியின் மேலுறையும் அப்படித்தான். உரிப்பதற்குக் கூலி ஆகும், எரிப்பதற்கு ஆகாது. பிவிசி உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் வகை நச்சுகளும் வெளிவருகின்றன. பலகைகளை அடுப்பில் காட்டி ஈயப்பற்றை உருக்கி, பின்பு அமிலத்தில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் வேலையைச் செய்பவர்களுக்குக் கையுறைகூட இருப்பதில்லை. எஞ்சிய அமிலம் சாக்கடையில் போகிறது. தில்லியின் சீலம்பூரும், ராமகங்கை ஆற்றங்கரையில் உள்ள மொராதாபாத்தும் இந்த வேலைக்குப் பேர் போனவை. பலகைகள் தரகர்களின் கைமாறி எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை விற்றவரால் அறிய முடியாது. உங்கள் தாளாளருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பாதி விலை, கம்பி எரிப்பவரின் நுரையீரலிலிருந்தும் அந்த ஓடையின் தண்ணீரிலிருந்தும் வருகிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விலை வேறுபாட்டுக்கு வேறு காரணம் எதையும் என்னால் காட்ட முடியாது.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருவோம். இ.பி.ஆர். என்பது உற்பத்தியாளர் மீது சட்டம் சுமத்தியுள்ள நீட்டிக்கப்பட்ட பொறுப்பு. கணினியோ குளிர்சாதனப் பெட்டியோ விற்ற நிறுவனம், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கணக்கின்படி, பிற்காலத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டு அளவுக்கு மறுசுழற்சி நடந்ததாகக் காட்ட வேண்டும். அந்த இலக்கு 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80. இலக்கை அடைய, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து அந்நிறுவனம் இ.பி.ஆர். சான்றிதழை விலைக்கு வாங்குகிறது. மறுசுழற்சியாளர் பிரித்தெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் அந்தச் சான்றிதழ் உருவாகிறது. அது மறுசுழற்சியாளரிடமிருந்து உற்பத்தியாளருக்குப் போகும் பத்திரம். இந்தப் பாதையில் கல்லூரிக்கு எந்த இடமும் இல்லை. ஆகவே உங்களுக்கு இ.பி.ஆர். சான்றிதழ் தருகிறேன் என்று சொல்பவருக்கு, ஒன்று சட்டம் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை வேறு காகிதங்கள். பொருளை எடுத்துச் செல்லும் நாளில் பொருள் வகை, எண்ணிக்கை, வரிசை எண்கள், எடைமேடைச் சீட்டு, வண்டி எண் ஆகியவற்றோடு மறுசுழற்சியாளரின் பெயரில் ஒப்புகை பெற வேண்டும். பின்னர், அவருடைய ஆலையில் வேலை முடிந்ததும் மறுசுழற்சிச் சான்றிதழ் வர வேண்டும். இரண்டுக்கும் இடையில் காலம் செல்லும். மறுசுழற்சியாளர் மின்கழிவை 180 நாள் வரை வைத்திருக்க விதிகள் அனுமதிக்கின்றன. லாரி கிளம்பும் அன்றே ‘முழுமையாக மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்று அச்சடித்த சான்றிதழை ஒருவர் நீட்டினால், அதில் எழுதியிருப்பது இன்னும் நடக்காத ஒன்று. நாக் கோப்புக்காக அதை வாங்கி வைக்கும் கல்லூரிகள் உண்டு. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தமும் ஒப்புகையும் கோப்பில் இருந்தால், சான்றிதழ் பின்னால் வரும் என்பதை எந்தக் குழுவுக்கும் விளக்க முடியும்.

வந்தவர் உண்மையிலேயே மறுசுழற்சியாளரா என்று பார்ப்பது கடினம் அன்று. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய வாரியத்தின் இணையவாசலில் உள்ள மறுசுழற்சியாளர் பட்டியலில் பெயர், முகவரி, பதிவின் காலம், எந்த வகைக் கருவிகளுக்கு அனுமதி என்பவற்றை ஒப்பிடுங்கள். மாநில வாரியம் நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழ் அந்த ஆலைக்கு வழங்கிய இசைவாணையின் நகலையும் கேளுங்கள். ‘நாங்கள் சேகரிப்பவர்கள், பிரிப்பவர்கள், எங்களுக்கு வாரிய அனுமதி உண்டு’ என்று பழைய ஆணை ஒன்றைக் காட்டினால் கவனமாக இருங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பிரிப்பவர்களுக்குத் தனி அங்கீகாரம் இருந்தது, இன்று பதிவு பெறும் நான்கு தரப்பில் அவர்கள் இல்லை. மறுசுழற்சியாளர் ஒருவருக்காக அவர்கள் சரக்கு எடுக்கலாம். அப்படியானால் அந்த மறுசுழற்சியாளரே தம் கடிதத்தாளில் உங்களுக்கு எழுதித் தர வேண்டும், காகிதங்களும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் உங்கள் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். இரண்டு மூன்று மறுசுழற்சியாளர்களிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். சான்றிதழ் விற்பனையிலும் அவர்களுக்கு வருமானம் உண்டு என்பதால், கணினிகளுக்கு ஓரளவு பேரம் பேச இடம் இருக்கிறது. ராமையும் பிராசஸரையும் முன்கூட்டியே கழற்றித் தனியாக விற்றுவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்; மானிட்டர்களின் செலவை ஈடுகட்டுவதே அந்தப் பலகைகள்தான்.

எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிவிடவும் கூடாது. யூபிஎஸ் கருவி மின்கழிவு. அதனுள் இருக்கும் ஈய அமில பேட்டரிக்கு 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தனியாக உள்ளன. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான் எளிய, சரியான வழி. அமிலத்தை வடித்துவிட்டு எடைக்குப் போடுவதை யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுகளில் பாதரசம் இருப்பதால் உடையாமல் அட்டைப் பெட்டியில் நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அவற்றுக்கு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். ஜன்னல் ஏ.சி. பழையது என்றால் அதில் ஆர்-22 வாயு இருக்க வாய்ப்பு அதிகம். ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயு ஒரு கிலோ வெளியேறினால், புவி வெப்பமாவதில் ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். செம்புக் குழாயை வெட்டினால் அத்தனையும் காற்றில் போய்விடும்; வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் கருவி உள்ளவரா என்று கேட்ட பிறகே ஒப்படைக்க வேண்டும். இரும்பு மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவற்றைத் தாராளமாகக் காயலாங்கடைக்குக் கொடுங்கள். அந்தத் தொழிலை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எழுபது கணினிகளில் அலுவலகத்தில் இருந்தவை எத்தனை? மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் ஆகியவை அவற்றின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். கோப்புகளை அழிப்பதாலும் ஃபார்மட் செய்வதாலும் அவை போய்விடுவதில்லை; மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தனிநபர் தரவுகளைத் தக்க முறையில் பாதுகாக்கும் கடமையை 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவற்றைச் சேகரித்த நிறுவனத்தின் மீதே வைக்கிறது. ஓடும் வட்டுகளை முழுமையாக மேலெழுதும் மென்பொருளால் அழிக்க வேண்டும்; ஓடாதவற்றைக் கல்லூரி வளாகத்திலேயே உங்கள் ஆள் முன்னிலையில் துளையிட்டோ நொறுக்கியோ, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு மற்றவற்றோடு அனுப்ப வேண்டும். அலுவலகத்தின் பெரிய நகலெடுக்கும் இயந்திரத்திலும் பெரும்பாலும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதை நான் வரவேற்கிறேன். ஓடும் கணினி கழிவு ஆகாது. கழிவு என்று ஒதுக்கப்பட்டதைத்தான் விதிகள் மின்கழிவு என்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் பல நிறுவனங்கள் நல்ல கணினிகளையும் ஒதுக்குகின்றன. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், மாணவர்கள் தட்டச்சும் நிரலாக்கமும் பழக இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் உங்கள் கணினித் துறை ஆசிரியர் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, பழுதில்லை என்று கையெழுத்திட்ட பிறகே கொடுங்கள். தலைமையாசிரியரிடம் அவர் கேட்டதாகவும் பெற்றுக்கொண்டதாகவும் கடிதம் வாங்குங்கள். பெட்டி மானிட்டர்களை, அவை ஓடினாலும், கொடுக்க வேண்டாம். சில ஆண்டுகளில் அந்த ஈயக் கண்ணாடி, அப்புறப்படுத்தப் பணமில்லாத பள்ளியின் தலையில் விழும்.

நாக் குழு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு நிதியிலோ வேறு அரசுத் திட்டத்திலோ வாங்கிய கணினிகள் கலந்திருந்தால், அவற்றைக் கழிவு செய்ய அந்தத் திட்டத்தின் விதிப்படி முன் அனுமதி தேவைப்படலாம். இருப்புப் பதிவேட்டில் அவற்றை முதலில் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் கழிவுநீக்கக் குழு பார்வையிட்டுக் கையெழுத்திட்ட பட்டியலும் ஆட்சிக்குழுவின் தீர்மானமும் போதும். விலைப்புள்ளிகள் வந்ததும் அந்த நிறுவனங்களின் பதிவு எண்களை எனக்கு அனுப்பினால், கொடுப்பதற்கு முன் நானும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன்.